தற்காலிகக் கோப்பக அனுமதி எச்சரிக்கைகள்: பல மேம்படுத்தல்களைக் கடந்த ஓர் அனுபவப் பகிர்வு

லினக்ஸ் வகையான டெபியனில் ஓடும் சர்வர்கள் சிலவற்றையும், யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தில் ஓடும் இயந்திரம் ஒன்றையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பெரிய மேம்படுத்தல் நடக்கும் போதெல்லாம் ஏதாவது ஒரு நிரல், தற்காலிகக் கோப்பகம் (நிரல்கள் இடைக்காலக் கோப்புகளை எழுதிவைக்கும் /டிஎம்பி) பாதுகாப்பாக இல்லை என்றோ, அதில் எழுத முடியவில்லை என்றோ முறையிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தப் பழுதை மேம்படுத்தலே உண்டாக்குவது அரிது என்பதுதான் என் அனுபவம். எப்போதோ மாறிப்போன அனுமதியைப் புதிய பதிப்பு முதன்முறையாகக் கவனிக்கிறது, அவ்வளவே. எனவே எச்சரிக்கையை எப்படி அடக்குவது என்று தேடாமல், அனுமதியை மாற்றியது எது என்று தேடுவதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

/டிஎம்பி கோப்பகத்தின் உரிமையாளர், முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டாகவும் அதன் அனுமதி 1777 ஆகவும் இருக்க வேண்டும். கடைசி மூன்று ஏழுகள் உரிமையாளர், குழு, மற்றவர் என எல்லாருக்கும் எழுதும் உரிமையைத் தருகின்றன. முன்னே நிற்கும் 1 ஸ்டிக்கி பிட். ஒருவர் உருவாக்கிய கோப்பை அவரோ, கோப்பகத்தின் உரிமையாளரோ, ரூட்டோ மட்டுமே அழிக்கவும் பெயர் மாற்றவும் இயலும் என்ற கட்டுப்பாட்டை அதுவே கொண்டுவருகிறது. ஸ்டிக்கி பிட் இல்லாத 777 கோப்பகத்தில், உங்கள் நிரல் உருவாக்கிய கோப்பை வேறொரு பயனர் அழித்துவிட்டு, அதே பெயரில் தனக்கு வேண்டிய இடத்தைக் காட்டும் இணைப்பு (சிம்லிங்க்) ஒன்றை வைத்துவிடலாம். ரூட் உரிமையோடு ஓடும் மேம்படுத்தல் ஸ்கிரிப்ட் அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து எழுதினால், அது சுட்டும் கோப்பு ரூட் உரிமையோடு மேலெழுதப்பட்டுவிடும்.

அனுமதியைப் பார்க்கும்போது ஒரு சிறு கவனம் தேவை. மேக்ஓஎஸ்ஸில் /டிஎம்பி என்பது வேறோர் இடத்தைச் சுட்டும் சிம்லிங்க்தான். கோப்பு விவரங்களைக் காட்டும் எல்எஸ் கட்டளைக்குப் பாதையின் இறுதியில் சாய்கோடு இடாமல் கொடுத்தால், அது இணைப்பின் அனுமதியைக் காட்டுமே தவிர, உண்மையான கோப்பகத்தின் அனுமதியைக் காட்டாது.

ஒரே கோப்பகத்தைப் பற்றி ஒரு நிரல் மொழி முறையிடுவதும் இன்னொரு மொழி மௌனமாக இருப்பதும் தொடக்கத்தில் என்னைக் குழப்பியது. பைத்தானின் டெம்ப்ஃபைல் தொகுதி, கோப்பகத்தில் ஒரு சோதனைக் கோப்பை எழுதிப் பார்த்துவிட்டு, எழுத முடிந்தால் திருப்தியடைந்துவிடும். ஸ்டிக்கி பிட்டை அது பார்ப்பதில்லை. ரூபியின் தற்காலிகக் கோப்பக நூலகமோ, எல்லாரும் எழுதக்கூடிய கோப்பகத்தில் ஸ்டிக்கி பிட் இல்லையென்றால் அதை ஏற்க மறுத்து அடுத்த இடத்தைத் தேடுகிறது. அதனால் ரூபியில் எழுதப்பட்ட கருவிகளை மேம்படுத்தும்போதுதான் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வெளியே வருகிறது. ரூபியின் மீது எரிச்சல்படுவோர் உண்டு. நான் அதற்கு நன்றியே சொல்வேன்.

நேர்மாறாக, எழுதும் உரிமை குறைந்துபோன நிலையில், டெபியனில் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் கருவியான ஆப்ட் காட்டும் பிழை இன்னும் திசைதிருப்புவது. /டிஎம்பியின் அனுமதி, உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 ஆகிவிட்டால், கையொப்பச் சாவிகளைச் சரிபார்க்க ரூட் அதிகாரத்தை விட்டுத் தனிப் பயனராக இறங்கும் ஆப்ட் அங்கே தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியாமல் போகிறது. சாவிகளைக் கையாளும் ஆப்ட்கீ கருவியை நம்பியிருந்த பதிப்புகளில், மென்பொருள் களஞ்சியம் கையொப்பமிடப்படவில்லை என்ற பிழையாக இது திரையில் வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டுச் சாவிகளை நீக்கி மீண்டும் சேர்ப்பதிலேயே பொழுதைப் போக்குவோரைப் பார்த்திருக்கிறேன். கையொப்பப் பிழைக்குச் சற்று மேலே, தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அனுமதி எப்படி மாறுகிறது? நான் கண்ட காரணங்களில் முதலிடம், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் டார் கோப்புகளுக்கு. ஒரு கோப்பகத்துக்குள் நின்றுகொண்டு, புள்ளியால் குறிக்கப்படும் நடப்புக் கோப்பகத்தையே கட்டினால், அந்தக் கோப்பகத்தின் உரிமையாளரும் அனுமதியும் கட்டுக்குள் ஒரு பதிவாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கட்டை ரூட்டாக இருந்து /டிஎம்பியில் பிரித்தால், க்னூ டார் தன் இயல்பான நடத்தையாக அந்தப் பதிவை /டிஎம்பியின் மீதே செலுத்திவிடும். 1777 இருந்த இடத்தில் 755 வந்து, உரிமையாளராக யாரோ ஒரு பயனரின் எண்ணும் வந்து அமரும். ஏற்கெனவே உள்ள கோப்பகங்களின் விவரங்களை மேலெழுதாதே என்று சொல்லும் விருப்பத்தேர்வு க்னூ டாரில் உண்டு. ஆனாலும் ஒரு துணைக் கோப்பகத்தை உருவாக்கி அதற்குள் பிரிப்பதே எளிது. இதே விபத்து, எல்லாக் கோப்பகங்களுக்கும் மேலான மூலக் கோப்பகத்தில் (/) நிகழ்ந்தால், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டிஎம்ப்ஃபைல்ஸ் கருவி, பாதுகாப்பற்ற பாதை மாற்றம் கண்டறியப்பட்டது என்று மேம்படுத்தலின் நடுவே வரிவரியாக எச்சரிக்கும். ரூட்டுக்குச் சொந்தமல்லாத கோப்பகத்தின் வழியாக, வேறோர் உரிமையாளரின் கோப்பகத்துக்குள் பாதை நுழைகிறது என்பதே அதன் பொருள்.

இரண்டாவது காரணம் சற்றுச் சிக்கலானது. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. 2018-இல் வெளிவந்த லினக்ஸ் 4.19 கெர்னலில் (இயக்குதளத்தின் மையப்பகுதியில்) ஒரு புதிய காப்பு சேர்ந்தது. எல்லாரும் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் உள்ள கோப்பகத்தில், வேறொருவருக்குச் சொந்தமான கோப்பை ‘இல்லையென்றால் உருவாக்கு’ என்ற முறையில் திறக்க முயன்றால், அந்தக் கோப்பு கோப்பகத்தின் உரிமையாளருடையதாக இல்லாதவரை கெர்னல் மறுத்துவிடும். ரூட்டுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2019-இல் வந்த சிஸ்டம்டி 241 இதை இயல்பாகவே இயக்கியது. அதன்பின், /டிஎம்பியில் நிலையான பெயருள்ள பதிவுக் கோப்பில் எழுதிப் பழகியிருந்த பழைய நிறுவல் ஸ்கிரிப்டுகள், ரூட்டாக ஓடியபோதும் அனுமதி மறுக்கப்பட்டதாகச் சொல்லி நின்றன. நான் கவனித்த சர்வர் ஒன்றில் இருந்த வணிக மென்பொருளின் நிறுவல் கையேடு, இதற்குத் தீர்வாக /டிஎம்பிக்கு சிஎச்மாட் (அனுமதி மாற்றும் கட்டளை) 777 கொடுக்கச் சொன்னது. கொடுத்தால் பிழை உண்மையிலேயே மறைந்துவிடும். காரணம், 777 என்று எண்ணால் கொடுக்கும்போது ஸ்டிக்கி பிட் நீங்கிவிடுகிறது. ஸ்டிக்கி பிட் இல்லாத கோப்பகத்தில் கெர்னலின் இந்தக் காப்பு செயல்படுவதே இல்லை. அதாவது, பூட்டைக் கழற்றியதால் கதவு திறந்தது. சில மாதங்கள் கழித்து ரூபி கருவி ஒன்றை மேம்படுத்தும்போது எச்சரிக்கை வரும். அதை அந்தக் கையேட்டோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. சரியான தீர்வு அந்த ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது: நிலையான பெயரை விட்டுவிட்டு எம்கேடெம்ப் கட்டளை கொண்டு ஊகிக்க முடியாத பெயரில் கோப்பை உருவாக்குவது. அதைத் திருத்த வழியில்லாதபோது, ரூட்டுக்கு மட்டும் உரிய 700 கோப்பகம் ஒன்றை தற்காலிக இடத்தை நிரல்களுக்குச் சொல்லும் டிஎம்பிடிஐஆர் சூழல் மாறியில் கொடுத்துப் பார்க்கலாம். பாதையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால் அதுவும் பயன்படாது.

சிஸ்டம்டி உள்ள இயந்திரங்கள் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் /டிஎம்பியின் அனுமதியை 1777-க்கு மீட்டுவிடுகின்றன. ‘ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது’ என்று பலர் சொல்வதன் பின்னணி இதுதான். சரியாவது உண்மை, ஆனால் தடயம் அழிந்துவிடுகிறது, அதே டார் கட்டோ அதே ஸ்கிரிப்டோ அடுத்த வாரம் மீண்டும் ஓடுகிறது. ஆகவே காரணம் தெரியாத இடங்களில், /டிஎம்பி என்ற பாதையின் பண்பு மாற்றங்களை மட்டும் பதிவுசெய்யும் ஆடிட் (கண்காணிப்புப் பதிவு) விதி ஒன்றைச் சேர்த்து வைக்கிறேன். உள்ளே இருக்கும் கோப்புகளையும் சேர்த்துக் கண்காணிக்கும் வகையில் விதியை எழுதினால், பதிவுகள் குவிந்து தேடவே முடியாமல் போகும். ஃப்ரீபிஎஸ்டியில் எம்ட்ரீ கருவி, அமைப்பின் மூலப் பட்டியலோடு ஒப்பிட்டு விலகலைக் காட்டிவிடும். அங்கே நான் சந்தித்த ஒரே சிக்கல், /டிஎம்பிக்கென்று கையால் உருவாக்கிய இசட்எஃப்எஸ் டேட்டாசெட் (கோப்பகமாக இணைத்து ஏற்றப்படும் தனிக் கோப்பு முறைமை). புதிதாக ஏற்றப்படும் கோப்பு முறைமை தனக்கே உரிய 755 அனுமதியோடு வருகிறது. ஏற்றுவதற்கு முன் கொடுத்த சிஎச்மாட் அடியில் மறைந்த கோப்பகத்துக்கே போய்ச் சேரும்.

பாதுகாப்பைக் கடினமாக்கும் நடவடிக்கைகளில் எதை வைத்துக்கொண்டேன், எதைக் கைவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். நிரல்கள் தம் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவதைத் தடுக்கும் நோசூயிட், சாதனக் கோப்புகளைத் தடுக்கும் நோடெவ் ஆகிய இரண்டையும் /டிஎம்பி ஏற்றத்தில் வைத்திருக்கிறேன்; அவற்றால் ஒரு மேம்படுத்தலும் தடைபட்டதில்லை. அங்குள்ள நிரல்களை ஓடவிடாத நோஎக்செக் அப்படியல்ல. நிறுவும்போது அமைவுக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப், பொதிகளின் அமைவு ஸ்கிரிப்டுகளை /டிஎம்பியில் பிரித்து ஓட்ட முயன்று தோற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அடிப்படை அமைப்பை நிறுவும் இன்ஸ்டால்வேர்ல்டும் தேவையான கருவிகளைத் தற்காலிகக் கோப்பகத்தில் நகலெடுத்து இயக்குவதால் நின்றுவிடும். டெபியனில், அந்த ஸ்கிரிப்டுகளைப் பிரிக்கும் இடத்தை ஆப்ட் அமைவில் வேறு கோப்பகத்துக்கு மாற்றிக்கொண்டு நோஎக்செக்கைத் தொடர்கிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் அதை விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பயனருக்கும் தனித் தற்காலிகக் கோப்பகம் தரும் லிப்பாம்-டிஎம்ப்டிர் நல்ல எண்ணத்தில் உருவானது. ஆனால் ரூட்டின் டிஎம்பிடிஐஆர் மதிப்பைச் சுமந்துகொண்டே வேறு பயனராக மாறும் பொதி ஸ்கிரிப்டுகள், தமக்கு நுழைவுரிமை இல்லாத கோப்பகத்தில் எழுத முயன்று விழுகின்றன. பலர் உள்நுழையும் இயந்திரத்தில் அதை வைத்திருக்கிறேன், மேம்படுத்தும்போது மட்டும் அந்த மாறியை நீக்கிவிட்டு ஆப்டை ஓட்டுகிறேன். சேவைகளுக்கு, தனி /டிஎம்பி தரும் சிஸ்டம்டியின் பிரைவேட்டிஎம்பி போதுமானதாக இருக்கிறது. அதை இயக்கிய பின், ஒரு சேவை பார்க்கும் /டிஎம்பி நீங்கள் ஷெல்லில் பார்க்கும் /டிஎம்பி அல்ல என்பதைச் சக நிர்வாகிகளிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, /டிஎம்பியை இயல்பாகவே நினைவகத்தில் இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸாக மாற்றியது. டிஎம்பிஎஃப்எஸ்ஸின் இயல்பு அனுமதியே 1777 என்பதால் அனுமதி எச்சரிக்கைகள் குறைந்திருக்கின்றன. அவற்றின் இடத்தில் இடப் பற்றாக்குறைப் பிழைகள் வருகின்றன, ஏனெனில் அது நினைவகத்தில் பாதி வரைதான் வளரும். குறைந்த நினைவகமுள்ள சிறிய சர்வர்களில் டிஎம்பி ஏற்ற அலகை மாஸ்க் செய்து (இயங்காதபடி முடக்கி) பழைய முறைக்கே திரும்பியிருக்கிறேன். அவ்வாறு திரும்பிய இயந்திரங்களில் ஆடிட் விதியை நீக்காமல் வைத்திருக்கிறேன்.