இலவசத் தமிழ் இலக்கியத் தளங்கள்: எதைப் படிக்க, எதை மேற்கோள் காட்ட

இணையத்தில் தமிழ் இலக்கியத்தைக் காசில்லாமல் படிக்க இன்று தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடெல்லாம் நம்பகமான பாடத்துக்குத்தான், அதாவது மூலத்தின் பிழையற்ற சொல்வடிவுக்குத்தான். ஒரே புறநானூற்றுப் பாட்டு பல தளங்களில் கிடக்கும். எந்தப் பதிப்பைப் பார்த்து அதைத் தட்டச்சு செய்தார்கள் என்று சொல்பவை சிலவே. படிக்க நல்ல தளமும் மேற்கோள் காட்ட நல்ல தளமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அதை மனத்தில் வைத்துத்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் திறக்க வேண்டியது, தமிழ் நூல்களை மின்னெழுத்தாக்கித் தரும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, முழுக்கத் தன்னார்வலர் உழைப்பிலேயே நடப்பது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. முதல் எண் திருக்குறளுக்கு. சங்க இலக்கியம், திருமுறைகள், திவ்வியப் பிரபந்தம், சிற்றிலக்கியங்கள், பாரதி, பாரதிதாசன் எனப் பரப்பு பெரிது. தூதும் உலாவும் பிள்ளைத்தமிழும் இத்தனை ஓரிடத்தில் எழுத்து வடிவில் கிடைப்பது அரிது. எண் வரிசையில் துழாவாமல் ஆசிரியர் வரிசையிலோ இலக்கிய வகையிலோ தேடுங்கள். பெரிய நூல்கள் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும்; தேவாரம் போன்றவற்றை எடுக்கும்போது எல்லாப் பகுதிகளும் வந்தனவா என்று சரிபாருங்கள்.

கோப்பின் தலைப்பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் அங்கேதான் இருக்கும். பிற்காலக் கோப்புகள் பலவற்றில் மூலப் பதிப்பின் விவரமும் உண்டு. தொடக்க காலக் கோப்புகள் பலவற்றில் அது இல்லை. அவற்றை ரசித்துப் படிக்கலாம், ஆய்வுக் கட்டுரையில் அப்படியே எடுத்து வைக்க முடியாது. இன்னொன்று: பழைய பதிவிறக்கங்களில் தமிழுக்குப் பதில் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை. அது ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய திஸ்கிக் குறியாக்கம். அதே நூலின் ஒருங்குறி வடிவை எடுங்கள். இல்லையென்றால் சுரதா அல்லது என்எச்எம் எழுத்துரு மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

உரையோடு படிக்க வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். குறளுக்குப் பரிமேலழகர் முதல் பாவாணர் வரை பல உரைகளை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கம் பக்கமாகத் திறக்கும் அமைப்பு என்பதால் முழு நூலையும் ஒரே கோப்பாக எடுக்க இது ஏற்றதல்ல. அதே நிறுவனத்தின் தமிழ் மின்னூலகம் வேறு தளம். அங்கே இருப்பவை பழைய அச்சு நூல்களின் வருடிய படங்கள். பதிப்பாண்டும் பதிப்பாசிரியரும் தெரிந்து, ஒரு பாடபேதத்தை, அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொல்லை, சரிபார்க்க வேண்டியவர்களுக்கு உரிய இடம் இதுவே.

இந்த இரண்டையும், அதாவது படத்தையும் எழுத்தையும், ஒருசேரத் தருவது தமிழ் விக்கிமூலம். எங்கள் கணிப்பில் மேற்கோளுக்கு மிகப் பொருத்தமான தளம் அதுதான். நாட்டுடைமையாக்கப்பட்ட (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய) நூல்கள் பெருமளவில் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. நூலின் 'அட்டவணை' பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு பக்க எண்ணும் ஒரு நிறத்தில் தெரியும். சிவப்பு என்றால் கணினி படித்துத் தந்த எழுத்து, மனிதக் கண் இன்னும் படவில்லை. மஞ்சள் ஒருமுறை மெய்ப்பு பார்த்தது. பச்சை இரண்டாவது ஆளும் சரிபார்த்தது. பச்சைப் பக்கத்தைத் துணிந்து எடுத்தாளலாம். சிவப்பென்றால் எண்ணைச் சொடுக்கி, பக்கத்திலேயே இருக்கும் படத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மின்னூல் கருவிக்கு ஏற்ற இபப் வடிவிலும் தரவிறக்கலாம்.

எங்கே பிழை வரும் என்று தெரிந்தால் ஒப்பிடுவது எளிது. கணினி அடிக்கடி சறுக்குவது துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் இடையில். அடுத்து 'க', 'சு' இரண்டிலும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் துதிக்கை போல வளைந்த 'லை', 'ணை', 'னை' வடிவங்கள் வரும். அவையும் தப்பாகப் படிக்கப்படும். செய்யுளில் ஓர் எழுத்து மாறினால் சீரே கெடலாம் என்பதால், தளை தட்டும் (ஓசைக் கட்டு பிசகும்) இடத்தில் முதலில் கணினியைச் சந்தேகிக்கலாம், புலவரை அல்ல.

தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கற்றதனால் ஆய பயனென்கொல்' என்ற குறளை 'பயன்' என்று தேடினால் அகப்படாது. புணர்ச்சியில் 'ன்' 'னெ' ஆகிவிட்டது. சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். வல்லினம் மிகும் இடங்களிலும் தளத்துக்குத் தளம் வேறுபாடு இருக்கும். இரு சொல்லைச் சேர்த்துத் தேடுவதைவிட ஒரு சொல்லாகத் தேடுவதே பலன் தரும். சங்கச் சொற்களுக்கென்றால் முனைவர் ப. பாண்டியராஜாவின் தொடரடைவுத் தளத்துக்கே போய்விடலாம். சொற்களைப் பிரித்து, அவை வரும் அடிகளையெல்லாம் காட்டும் அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுப்பதைத் தவிருங்கள். 'கொடி' என்பது 'ெகாடி' என்று சிதறி விழும்.

ஈழத்து இலக்கியத்துக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் தனித் தளம்தான். கவிதைத் தொகுப்புகளோடு, வேறெங்கும் எளிதில் கிடைக்காத சிற்றிதழ்களும் அங்கே பிடிஎஃபாக உள்ளன. பல இதழ்களின் உள்ளடக்கம் பதிவுப் பக்கத்திலேயே தட்டச்சில் இருப்பதால், கவிதைத் தலைப்பைக் கொண்டே இதழைப் பிடித்துவிடலாம். ஆனால் பக்கங்கள் படங்கள். சின்னத் திரையில் கண் வலிக்கும். கைபேசியிலும் கிண்டிலிலும் வசதியாகப் படிக்க ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் நல்லது. இபப், ஏ4 பிடிஎஃப், 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப் எனத் தருகிறார்கள். பிறர் பகிர ஆசிரியரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் வருவதால் இன்றைய எழுத்தாளர்களையும் சட்டப்படி படிக்க முடிகிறது. தரம் நூலுக்கு நூல் மாறும்.

யார் வேண்டுமானாலும் நூல்களை ஏற்றக்கூடிய இன்டர்நெட் ஆர்க்கைவைக் கடைசிப் புகலிடமாக வையுங்கள். பலர் தலைப்பை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக இட்டிருப்பார்கள்; தமிழிலும் ஆங்கில எழுத்திலும் மாற்றி மாற்றித் தேட வேண்டும். அங்கே இருக்கிறது என்பதாலேயே ஒரு நூல் உரிமை தீர்ந்ததாகிவிடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1965 வரை மறைந்தவர்களின் நூல்கள் 2026 தொடக்கத்தில் பொதுவுக்கு வந்துவிட்டன. இலங்கையில் அது 70 ஆண்டு. நாட்டுடைமையான எழுத்துகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. பாரதியின் பாடல்கள் 1949-லேயே அரசின் கைக்கு வந்தவை. பழம்பாடலுக்கு உரிமைச் சிக்கல் இல்லாவிட்டாலும் அதற்கு அண்மையில் எழுதிய உரைக்கு இருக்கும். உரையோடு எடுத்து வெளியிட நினைப்பவர்கள் உரையாசிரியர் மறைந்த ஆண்டையும் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவையா என்பதையும் பார்த்துவிட்டு எடுங்கள்.