நேட்டாலில் சொந்தம் தேடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் போளூர் பக்கம். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. போனவர் திரும்பவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும்போது என் மாமியார் அவர் பேரைச் சொல்லி ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பார். மாமியார் போன பிறகு நானும் வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மகள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போனதும், அங்கே போய் முனுசாமித் தாத்தாவின் வம்சத்தைத் தேடிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பிடித்துக்கொண்டது. தேடும்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில், நேட்டாலில் உள்ள டர்பன் நகரத்துக்காரர் ஒருவர் அறிமுகமானார். நம் ஆட்களின் வேர்களைத் தேடித் தருவதுதான் தொழில் என்றார். கப்பல் பட்டியலில் தாத்தாவைக் கண்டுபிடிப்பது, சொந்தக்காரர்களிடம் சேர்ப்பது, சுற்றிப் பார்க்க, உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய மோட்டார் ஹோம் வண்டி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. தேடுவதற்கு 18,000 ரேண்ட், வண்டிக்குப் பத்து நாளைக்கு இன்னொரு 18,000, அதற்கு மேல், திருப்பித் தர வேண்டிய முன்பணம் 15,000. மொத்தம் நம் காசுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தில் காட்டியது புதிது, கையில் கொடுத்தது பழையது. ஃபிரிட்ஜ் ஓடவில்லை, தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் ஒரு வட்டச் சீட்டு ஒட்டியிருக்கும், லைசென்ஸ் டிஸ்க் என்பார்கள். அது எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் வண்டியில் அது காலாவதியாகி நான்கு மாதம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்3 சாலையில் டோல் கட்டிக் கட்டி, வான் ரீனன் கணவாய் இறங்கி, டர்பனை நெருங்கும்போது போலீஸ் நிறுத்திக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அபராதம் எங்கள் தலையில். வாடகை ஒப்பந்தத்தில் இருந்த பேரும் வண்டி உரிமையாளர் பேரும் ஒன்றில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் வண்டிக்கு வெளியே விரிக்கும் பந்தலில் கீறல் என்று சொல்லி முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் நாங்கள் வாங்கும்போதே இருந்தது. எடுக்கும்போது உள்ளும் புறமும் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தால் வாதாடியிருக்கலாம். முன்பணத்தை வங்கியில் அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலும் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும்.

அந்தப் பணம்கூடப் போகட்டும். அப்புறம் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம், கரும்புத் தோட்டங்களைத் தாண்டி, ஒரு வீட்டுக்கு அந்த ஆள் எங்களை அழைத்துப் போனார். 79 வயது அம்மா ஒருவர் வாசலில் நின்றிருந்தார். சாமி அறையில் காமாட்சி விளக்கு எரிந்தது. தமிழ் அவருக்குச் சில சொற்கள்தான் வரும். ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இன்னும் விடவில்லை என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அந்த ஆள் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். முத்திரையெல்லாம் இருந்தது. முனுசாமி, வயது 24, வந்த வருடம் 1870, ஜில்லா திருவண்ணாமலை. இந்த அம்மா அவருடைய கொள்ளுப்பேத்தி என்றார். இரண்டு நாள் அந்த வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு அவர் கையால் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் டர்பனுக்குத் திரும்பினோம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. தாத்தாவின் பேரைப் பெரிய பட்டியலிலும் பார்த்துவிடலாம் என்று ஆசையாகத்தான் போனோம். அங்கே ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு பெண், எங்கள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "1870-ல் எப்படி வந்திருப்பார்?"

நேட்டாலுக்கு நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்த முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து 342 பேருடன் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1866-ல் ஆள் கொண்டுவருவது நின்றுபோனது. ஒப்பந்தம் முடிந்து 1871-ல் ஊர் திரும்பியவர்கள் பட்ட கொடுமைகளை இங்கே சொன்னார்கள். அதன் பேரில் விசாரணை நடந்து, 1874-ல்தான் மறுபடி கப்பல் ஓடியது. நடுவில் ஒப்பந்தக் கூலிக் கப்பலே கிடையாது. 1911-ல் நிறுத்தும் வரை மொத்தம் 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. எங்கள் காகிதத்தில் இருந்த எண்ணைப் பட்டியலில் பார்த்தால், அது வேறு ஜில்லாவிலிருந்து வேறு கப்பலில் வந்த ஒரு பெண்ணுடையது.

நாங்களே கவனித்திருக்க வேண்டியவை இரண்டு. தாது வருஷம் என்றால் 1876. வீட்டுக் கதையே பஞ்சத்தில் போனதாகச் சொல்லும்போது, 1870 என்ற காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். திருவண்ணாமலை மாவட்டம் உண்டானதே 1989-ல்தான். போளூர்க்காரர் ஒருவருக்கு அந்தக் காலத்துப் பதிவேட்டில் வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்றுதான் இருக்கும். அசல் பதிவில் அப்பா பேர், சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் இருக்கும். எங்கள் காகிதத்தில் அப்பா பேரும் இல்லை, அங்க அடையாளமும் இல்லை. அந்த அழுகையில் எதுவும் கண்ணில் படவில்லை. அந்த ஆளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

டொங்காட் அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவர் எழுந்து உள்ளே போய் ஒரு ரசீது கொண்டுவந்தார். "இந்தியாவில் உங்கள் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவரிடமும் அந்த ஆள் 4,000 ரேண்ட் வாங்கியிருக்கிறான். பென்ஷன் பணம். அப்படியென்றால் நீங்கள் என் சொந்தம் இல்லையா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போலீசில் புகார் கொடுத்துவிட்டோம், வழக்கு எண் வந்திருக்கிறது. அந்த ஆளின் போன் அணைந்துகிடக்கிறது. அவன் இன்னொரு எண்ணில், இன்னொரு குழுவில் வருவான். வேலூர், ஆரணி, போளூர், சித்தூர் பக்கத்துக் குடும்பங்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள். நேட்டால் போன தாத்தா என்று யாராவது காகிதம் நீட்டினால், 1867-லிருந்து 1873-க்குள் வருடம் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; போட்டிருந்தால் நம்பாதீர்கள். எண் என்ன, கப்பல் பேர் என்ன என்று கேளுங்கள். எண் தராதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தேடக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலுள்ள பழைய நிலப் பத்திரங்களை எடுத்து, போனவருடைய அப்பா பேரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முனுசாமிகள் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அப்பா பேர் தெரியாததால் எங்களால் எங்கள் முனுசாமியைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முன் அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு மறுபடி ஆவண மையத்துக்குப் போனோம். அவர் வீட்டில் தாத்தாவின் பழைய சீட்டு ஒன்று இருந்தது, அதில் எண்ணும் இருந்தது. பட்டியலில் பத்தே நிமிடத்தில் கிடைத்துவிட்டார். வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா. ஊர்ப் பேர் ஆங்கில எழுத்தில் சிதைந்து, கடைசியில் 'பாக்கம்' மட்டும் தெளிவாக இருக்கிறது. ஊர் திரும்பியதிலிருந்து என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தில் பாக்கம் என்று முடியும் ஊர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் ஒவ்வொன்றாகப் போய் விசாரிக்கப் போகிறோம்.