எம்ஐ-8 ஹெலிகாப்டர் மாடல்: மன்னார்குடி ஈரத்தில் ஆறு வருஷம்

கஜா புயலுக்கு மறுவருஷம், 2019-ல் வாங்கிய கிட் இது. 1/72 அளவு. ஒட்டி முடித்தால் மேல்விசிறியின் வட்டம் 30 செ.மீ. நிஜத்தில் 21 மீட்டருக்குச் சற்று மேல். எங்கள் தெருவில் இறங்க இடமே கிடையாது.

இதற்குப் பின் வந்த எம்ஐ-17 என்று நினைத்துத்தான் வாங்கினேன். பச்சை அடித்து, நம் விமானப்படைச் சின்னம் ஒட்டி, ஹாலில் வைத்தாயிற்று. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "வால் விசிறி வலப்பக்கம் இருக்கே தம்பி, இது எட்டுல்ல?"

எட்டுதான். 17-ல் அது இடப்பக்கம் வந்துவிடும். என்ஜினும் வலுவானது. உடம்பு மட்டும் ஏறக்குறைய அதே உடம்பு, நான் ஏமாந்ததும் அதில்தான்.

அதற்குப் பிறகுதான் எட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1961-ல் முதல் மாதிரி பறந்தபோது ஒற்றை என்ஜின், மேல்விசிறியில் நாலே அலகு (இறக்கை). மறுவருஷமே என்ஜின் இரண்டானது, பிறகு அலகு ஐந்தானது. 24 வீரர்கள் உட்காரலாம். பின்பக்கம் சிப்பி மாதிரி இரண்டாகத் திறக்கும் கதவு. 1984 ஏப்ரலில் சியாச்சினுக்கு நம் வீரர்களைக் கொண்டுபோனதில் இதற்கும் பங்கு உண்டு. 2017 டிசம்பரில் பெங்களூரு எலஹங்காவில் வைத்து நம் விமானப்படை இதற்கு விடை கொடுத்தது. ஆக, நான் வாங்கும்போதே அது பென்ஷன்காரர்!

கிட்டைப் பற்றிச் சொல்வதானால், பாகங்கள் ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்தின. சின்னம் ஒட்டும் டீக்கல்தான் மோசம். இரண்டாவது ஐப்பசி மழையில் மூலை தூக்கிக்கொண்டது. வார்னிஷ் அடித்து அமுக்கியிருக்கிறேன். ஜன்னல்களை சூப்பர் க்ளூவால் ஒட்டியது என் முட்டாள்தனம். உள்ளே வெள்ளையாகப் புகை படிந்து, மார்கழிப் பனியில் நிற்கும் பஸ் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைப் பசை போதும்.

அலகுகள் நேராக, விறைப்பாக வந்தன. ஜன்னலோரம் வைத்திருந்ததில் கத்திரி வெயில் மூன்றைத் தொங்கவைத்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, "நிக்கிறப்ப தன் கனத்துல இப்படித்தான் தொங்கும், சுத்தினாத்தான் நிமிரும்" என்றார்.

மீதி இரண்டும் இன்னும் விறைப்பாகவே இருக்கின்றன. அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.