வலுக் குறைந்த கணினிக்கு கேம் வாங்கும்போது காசை எதில் போடுவது?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமும் வீடுகளில் கேம் ஓட்டப் பார்க்கும் கணினி பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கியது ஒன்று. கல்லூரிக்காக எடுத்த ஐ3 மடிக்கணினி இன்னொன்று. ஏதோ அலுவலகத்தில் கழித்து, கடை வழியாகக் கைமாறி வந்த சின்ன டெஸ்க்டாப் மூன்றாவது. மூன்றிலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான் வழக்கம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் பல வழிகள் தெரியும்: ஓடக்கூடிய கேமாகப் பார்த்து வாங்கலாம், ராம் சேர்க்கலாம், பழைய கிராபிக்ஸ் கார்டு போடலாம், கேமை வேறெங்கோ ஓட்டி வீடியோவாக அனுப்பும் கிளவுட் சேவைக்குச் சந்தா கட்டலாம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இருக்கிற கணினிக்குப் பொருந்தும் கேமை, திருப்பிக் கொடுக்க வழியுள்ள கடையில் வாங்குவதுதான் முதல் இடம். கருவியில் காசு போடுவதானால் இருக்கிற ராமோடு இன்னொரு ராம் செருகுவது ஒன்றுதான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கத் தக்கது. மற்றவை எல்லாம் நிபந்தனைக்கு உட்பட்டவை.

எதை வாங்குவதற்கும் முன்னால் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் தெரிய வேண்டும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தைத் தட்டுங்கள். டிஸ்ப்ளே பக்கத்தில் கிராபிக்ஸ் பெயரும் ஃபீச்சர் லெவல் வரிசையும் வரும். கேம் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் என்ற மென்பொருளில் எந்தப் பதிப்பு வரை சிப் தாங்கும் என்பதே அந்த வரிசை. அங்கே மொத்த நினைவகம் 2 ஜிபி என்று காட்டினால் கார்டு இருக்கிறதென்று நினைத்துவிட வேண்டாம். அது ராமிலிருந்து கடன் வாங்கிய கணக்கு.

இன்டெல் இரண்டாம் தலைமுறைப் பிராசசரோடு வரும் எச்டி 3000 கிராபிக்ஸில் டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான். டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் அதில் மெதுவாக ஓடாது, திறக்கவே திறக்காது. மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000 வந்தால் 11 கிடைக்கும். நான்காம் தலைமுறையில் ஒரு சிக்கல் உண்டு: பாதுகாப்புக் குறை ஒன்றுக்காக அதில் டைரக்ட்எக்ஸ் 12ஐ இன்டெல்லே, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரின் 15.40.44.5107 பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. முன்பு திறந்த கேம் டிரைவரைப் புதுப்பித்த பிறகு திறக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். விண்டோஸில், டைரக்ட்எக்ஸுக்கு மாற்றாகச் சில கேம்கள் கேட்கும் வல்கன் வேண்டுமென்றால் இன்டெல்லில் ஆறாம் தலைமுறையாவது இருக்க வேண்டும்.

குறைந்தபட்சத் தேவை என்று கடைப் பக்கத்தில் போட்டிருப்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்துக்கு அது 720 வரியில் நொடிக்கு 30 பிரேம். இன்னொன்றுக்கு மெனு வரை போனாலே போதும். பட்டியலில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ என்ற தனி கார்டு இருந்து, உங்களிடம் இன்டெல் யுஎச்டி 620 இருந்தால் இடைவெளி எவ்வளவு? 750 டிஐயின் கணக்குத் திறன் சுமார் 1.3 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கு), 620இன் திறன் சுமார் 0.4. மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. எந்த செட்டிங்கைக் குறைத்தாலும் இந்த இடைவெளி மூடாது.

பழைய பெரிய கேமா, புதிய சின்ன கேமா?

வலுக் குறைந்த கணினிக்கு இரண்டு வகைக் கேம்கள் பொருந்தும். ஒன்று, 2012க்கு முன் வந்த பெரிய கேம்கள். மற்றது, சிறு குழுக்கள் எடுத்த புதிய கேம்கள்.

பழையதில் பலம், அந்தக் காலத்து முழு உழைப்பும் இன்றைக்குக் குறைந்த விலையில் கிடைப்பது. 2011இல் வந்த போர்ட்டல் 2 கேட்பது 2 ஜிபி ராம்தான். தள்ளுபடி விற்பனைக் காலத்தில் இப்படிப்பட்டவை மூல விலையில் சிறு பகுதிக்கே வரும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அதே பெயரில் புதுப் பதிப்பு வந்திருக்கும். 2011இன் ஸ்கைரிம் 2 ஜிபி ராமில் ஓடும். கடையில் முன்னால் நிற்கும் 2016இன் ஸ்பெஷல் எடிஷன் 8 ஜிபி கேட்கும், 64 பிட் விண்டோஸும் வேண்டும். ரெசிடென்ட் ஈவில் 4 என்று தேடினால் 2014இல் கணினிக்கு வந்த பதிப்பும் 2023இன் மறுவாக்கமும் வரும். பின்னதற்குக் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் காசு முடங்கும்.

புதிய சின்ன கேம்களில் ஸ்டார்டியூ வேலி 2 ஜிபி ராமிலும், செலஸ்ட் எச்டி 4000 கிராபிக்ஸிலும், ஹாலோ நைட் 4 ஜிபி ராமிலும் ஓடும் என்று அவற்றின் பக்கங்களே சொல்கின்றன. நூறு மணி நேரம் ஆடக்கூடிய சரக்கு இவற்றில் உண்டு. ஆனால் கட்டம் கட்டமான பிக்சல் படத்தைப் பார்த்து லேசான கேம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆக்டோபாத் டிராவலர் பார்க்கப் பழைய கேம் போலத்தான் இருக்கும். உள்ளே ஓடுவது பெரிய 3டி கேம்களை இயக்கும் அன்ரியல் என்ஜின், ஒளியும் மங்கலும் கார்டை வாட்டும். ஃபாக்டோரியோ மாதிரியான தொழிற்சாலைக் கேம்களில் கிராபிக்ஸுக்குச் சுமை குறைவு. தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாகப் பிராசசரும் ராமும் திணறும். முதல் பத்து மணி நேரம் சரளமாக ஓடியது கடைசி வரை ஓடும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. ஃபாக்டோரியோ விற்பனைத் தள்ளுபடிக்கு ஒருபோதும் வராது. இலவச டெமோ இருக்கிறது, அதை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

இணையத்தில் சேர்ந்து ஆடும் கேம்களை நம்பிக் காசு போடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. அவை உங்கள் கணினியைக் கேட்காமல் கனத்துக்கொண்டே போகும். 2023 செப்டம்பரில் சிஎஸ்கோ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இருந்த இடத்தில் அதன் அடுத்த பதிப்பான கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது 8 ஜிபி ராமும் டிஸ்க்கில் 85 ஜிபி இடமும் தேவையாயின. முந்தைய நாள் வரை ஆடியவர்களில் பலருடைய கணினி ஒரே அப்டேட்டில் தகுதி இழந்தது.

எந்தக் கடை?

இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம், ஜிஓஜி, எபிக் மூன்றையும் பழைய கணினியின் கண்ணால் பார்த்தால் வழக்கமான தரவரிசை மாறிவிடும்.

ஸ்டீமில் விலை ரூபாயில், சரக்கு அதிகம். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்பும். குறை: 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1க்கு ஆதரவு கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10க்கும் 2026 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அரசு மடிக்கணினி வந்த நாளிலிருந்து விண்டோஸை மாற்றாதவர்கள் இதில்தான் முட்டிக்கொள்வார்கள். 4 ஜிபி ராமில் ஸ்டீம் செயலியே பல நூறு எம்பியைத் தின்றுவிடும். வியூ மெனுவில் ஸ்மால் மோடுக்கு மாற்றினால் ஓரளவு மிச்சம்.

ஜிஓஜியில் செயலியே தேவையில்லை. இன்ஸ்டாலரை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, நெட் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 7 மடிக்கணினியில் பழைய கேம் ஓட நேர்மையான வழி இன்றைக்கு இதுதான். ஓடாவிட்டால் 30 நாள் வரை திருப்பிக் கேட்கலாம், ஆடியிருந்தாலும் கூட. விலை டாலரில் என்பதால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்த கார்டு வேண்டும். வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடிக்கும்.

எபிக் இலவசமாகக் கொடுக்கும் கேம்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். திருப்பித் தரும் விதி ஸ்டீம் மாதிரியேதான். 4 ஜிபி கணினியில் அதன் செயலியை எப்போதும் திறந்து வைக்கும் அளவுக்கு அதில் வேறு காரணம் இல்லை.

ஊரில் உள்ள கணினிக் கடைகளில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றித் தரும் திருட்டுக் காப்பியையும் இதோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். பழைய இரட்டைக் கோர் பிராசசரில் அதைப் பிரித்துப் போடவே மணிக்கணக்கில் ஆகும். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். ஓடவில்லை என்றால் கேட்க ஆளில்லை. வீட்டு வங்கிக் கணக்கு திறக்கும் அதே கணினியில் இதைச் செய்வது கேமின் விலையைவிடப் பெரிய ஆபத்து.

திருப்பிக் கொடுக்கும் வசதியை முறையாகப் பயன்படுத்த வேண்டும். 14 நாள் என்பது வாங்கிய நாளிலிருந்து, இறக்கி முடித்த நாளிலிருந்து அல்ல. மெதுவான நெட்டில் 40 ஜிபி கேமை வாரக்கணக்கில் இறக்கினால் கெடு ஓடிவிடும். 2 மணி நேரக் கணக்கில் லோடிங் திரையும் கேமின் சொந்த லாஞ்சரும் சேரும். முதல் ஐந்து நிமிடத்தில் ரெசல்யூஷனை 1280க்கு 720 ஆக்கி, நிழலையும், படத்தின் விளிம்பை வழவழப்பாக்கும் ஆன்டி அலையாசிங்கையும் அணையுங்கள். ஸ்டீம் அமைப்பில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) காட்டியைப் போடுங்கள். பிறகு கூட்டமான தெரு, சண்டை, மழை எங்கே வருமோ அங்கே போய்ப் பாருங்கள். 40 நிமிடமாவது விடாமல் ஓட்டுங்கள். மடிக்கணினி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, சூடு ஏறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மதுரை மத்தியானம் 40 டிகிரியைத் தொடும்போது இரவில் கிடைத்த எஃப்பிஎஸ் கிடைக்காது. ஆகவே மத்தியானம் சோதியுங்கள், சார்ஜர் செருகிய நிலையில், மெத்தை மேல் வைக்காமல்.

ராம் ஏன் தனி வகை?

தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே இரண்டாவது ராம் போட்டால் அளவு மட்டுமல்ல, பாதையும் இரட்டிப்பாகும். டிடிஆர்4 2400 ஒற்றை ராமில் நொடிக்கு 19.2 ஜிபி போகும், இரண்டில் 38.4. கேமில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும். 11ஆம் தலைமுறை ஐ5 மடிக்கணினி ஒற்றை ராமோடு வந்திருந்தால் கிராபிக்ஸ் பெயர் வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். இரண்டாவதைச் செருகியதும் அதுவே ஐரிஸ் எக்ஸ்ஈ ஆகிவிடும்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கடைக்குப் போகும் முன் அடிமூடியைத் திறந்து பாருங்கள். நான்காம் தலைமுறை மடிக்கணினிக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கும். எல் இல்லாத 1.5 வோல்ட் ராமைப் போட்டால் பல மாடல்களில் திரையே வராது. 4ஐயும் 8ஐயும் கலக்கலாம்: முதல் 8 ஜிபி இரட்டைப் பாதையில் ஓடும், மிச்ச 4 ஒற்றையில். 32 பிட் விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும். 2025 கடைசியிலிருந்து புது ராம் விலை ஏறிவிட்டதால், பழைய மடிக்கணினியைப் பிரித்து விற்கும் கடையில் கேட்பது நல்லது. வாங்கும் முன் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. லோடிங் குறையும், 4 ஜிபி ராம் நிரம்பி டிஸ்க்கில் வழியும்போது வரும் திக்கல் குறையும். நல்லதுதான், ராமுக்கு அடுத்தது.

பழைய கிராபிக்ஸ் கார்டு

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பலன் பெரியது, குழிகளும் அதிகம். அலுவலகத்துக் குட்டை டெஸ்க்டாப்களில் பவர் சப்ளை 180இலிருந்து 255 வாட்டுக்குள் இருக்கும்; தனி பவர் ஒயரும் வராது. ஆகவே ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கும், அரை உயரக் கார்டு வேண்டும்.

ஜிடி 1030 அந்த இடத்தில் பொருந்தும்: 30 வாட். ஆனால் அதே பெயரில் இரண்டு சரக்கு. ஜிடிடிஆர்5 உள்ளதில் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 உள்ளதில் 16.8 மட்டுமே. பெட்டியில் டிடிஆர்4 என்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஜிடி 710ஐ 2 ஜிபி கேமிங் கார்டு என்று விற்பார்கள். புதிய இன்டெல் கிராபிக்ஸை அது தாண்டாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைத்தால் மேல். அதில் பழைய விஜிஏ மானிட்டர் ஒயரைச் செருக இடம் இல்லை, எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் அடாப்டர் வேண்டும். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே விட்டுவிட்டுக் கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுபோவதும் நடக்கிறது. ஒயர் கார்டில் செருகியிருக்க வேண்டும்.

பழைய சிப்பில் பயாஸை (கார்டின் உள் மென்பொருளை) மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உண்டு. ஜிபியு இசட் என்ற இலவசச் செயலி போலிகளில் பலவற்றைப் பெயருக்கு முன்னாலேயே ஃபேக் என்று காட்டிவிடும். கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு புது கேம்களுக்காக என்விடியா வெளியிடும் கேம் ரெடி டிரைவர்கள் முடிந்தன. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும். பழைய கேமுக்கு இது குறையல்ல. அடுத்த ஆண்டு வரும் கேமுக்காக இந்தக் கார்டை வாங்குவது வீண்.

கிளவுட்

2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்துவிட்டதால் இதையும் தட்டிவிட முடியாது. கணினி எவ்வளவு பழசானாலும் கேம் ஓடுவது வேறெங்கோ. வீட்டுக்கு வருவது வீடியோ. ஆனால் அந்த வீடியோவுக்குக் கணக்கு இருக்கிறது. இவ்வகைச் சேவையில் 720 வரிக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், போனில் வரும் தினசரி 2 ஜிபி டேட்டா 18 நிமிடத்தில் தீரும். ஃபைபர் இல்லாத ஊரில் இந்த வழியை மறந்துவிடலாம். ஃபைபர் உள்ளவர்களும் சந்தாவுக்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும்: ரவுட்டரிலிருந்து லேன் ஒயரை நேராக மடிக்கணினியில் செருகி, இரவு எட்டிலிருந்து பத்துக்குள், தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் பிங்கை (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை) பாருங்கள். எண் 80 மில்லி செகண்டுக்குக் கீழே நிலையாக நின்றால் கார் ஓட்டும் கேமும் கதை கேமும் ஆடலாம். 40க்கும் 150க்கும் இடையே குதித்துக்கொண்டிருந்தால் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் விசையை அழுத்திக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆள் குதிப்பான். அந்த மாதச் சந்தாவுக்கு ஸ்டீம் விற்பனையில் சொந்தமாக ஒரு கேமையே எடுத்துவிடலாம்.