ஸ்ரீரங்கத்து வீட்டில் தண்ணீரை அடைத்த கதை

கடந்த ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் அம்மாவுடன் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, குளியலறைச் சுவருக்குள் ஓடும் பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கசியத் தொடங்கி, மறுபக்கத்துப் படுக்கையறையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஈரம் இரண்டே நாளில் பீரோ வரை பரவிவிட்டது.

டொராண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில், மாநகராட்சிக் குழாய் நுழையும் இடத்திலேயே இருக்கும் வால்வை மூடினால் வீடு முழுவதும் தண்ணீர் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் வாசலோரம் இருந்த வால்வை மூடிவிட்டு வந்தேன். கசிவு சிறிதும் குறையவில்லை. "அது சம்புக்கு வர்ற தண்ணிடா, பாத்ரூமுக்கு மேலேருந்துதானே வருது" என்றார் அம்மா. தெருக்குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் தரைக்கடியில் உள்ள சம்புத் தொட்டியில் சேர்ந்து, மோட்டாரில் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தானாக இறங்கும் வீட்டில் வாசலை அடைத்து என்ன பயன்?

மாடித் தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்கின. எது எங்கே போகிறது என்று எழுதிவைத்தவர் யாருமில்லை. குளியலறைக்குரியதைக் கண்டுபிடித்து, அதன் கேட் வால்வைத் திருகியபோது சக்கரம் மட்டும் கழன்று கையோடு வந்தது. உள்ளே தகட்டை ஏற்றி இறக்கும் மரையில் ஆண்டுக்கணக்காக உப்பு படிந்து இறுகிப்போயிருந்தது.

பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன பிளம்பர் மூன்று மணிக்கு வந்தார். தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் வேலை தெரிந்தவர். "முதல்ல கீசர் சுவிட்சை அணைங்க தம்பி, தண்ணி இல்லாம காயில் எரிஞ்சிடும்" என்றார். எனக்கு அது தோன்றவேயில்லை. தொட்டியைக் காலி செய்ய வேண்டுமோ என்று அம்மா அண்டாவையும் குடங்களையும் நிரப்பிக்கொண்டிருக்க, அவரோ பழைய துணியைச் சுருட்டிச் சணல் கயிறு கட்டி, பாதித் தண்ணீர் நின்ற தொட்டிக்குள் குனிந்து, அந்தக் குழாயின் வாயில் செருகினார். இறங்கும் தண்ணீரின் இழுப்பிலேயே துணி இறுகிக்கொண்டது. அது குழாய்க்குள் போய்விடாமலிருக்கக் கயிற்றின் மறுமுனையை ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்தார்.

பிறகு பழைய வால்வை எடுத்துவிட்டு, கால் சுற்றில் மூடும் பால் வால்வைப் பொருத்தினார். சுவரைக் கொத்தியபோது குழாய் திரும்பும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்த எல்போ இணைப்பு தெரிந்தது. அதை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துணியை உருவியதும் குழாய்கள் காற்றடைத்துச் சீறின. எல்லாவற்றிலும் தாழ்வான குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டதும் சரியாயிற்று.

கூலி எண்ணூறு ரூபாய், சாமான்கள் தனி. கொத்தி விழுந்த காரைத் தூளை அள்ளுவது தம் வேலையல்ல என்று சொல்லிவிட்டார். உடைத்த இரண்டு டைல்ஸுக்கு அதே நிறத்தில் ஜோடி, காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் தேடியும் கிடைக்காததால், அந்த இடம் இன்னும் வெறும் சிமெண்ட் பூச்சாகவே இருக்கிறது.