டெக்சஸ் ரேஞ்சும் சுவிஸ் கிராமத்துச் சுடுதளமும்: சேர்த்து ஒரு விமர்சனம்

டல்லாஸுக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய உள்ளரங்கத் துப்பாக்கி ரேஞ்ச் இருக்கிறது. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். வாரக்கடைசியில் ஆபீஸ் கூட்டத்தோடு அங்கே போகலாமா, எப்படி இருக்கும் என்று நம்மாட்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. ஆனால் அதை மட்டும் தனியாக எழுத வரவில்லை. போன கோடையில் சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கம் ஒரு கிராமத்துச் சுடுதளத்தில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் டல்லாஸ் ரேஞ்சுக்குள் நுழைந்தால், முன்பு சாதாரணமாகத் தெரிந்ததெல்லாம் விசித்திரமாகத் தெரிகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் டல்லாஸ். சேவை என்று பார்த்தால் பெரிதாகக் குறை இல்லை. உள்ளே போனதும் டேப்லெட்டில் ஒரு உறுதிமொழிப் படிவம், சின்னதாக ஒரு பாதுகாப்பு வீடியோ, டிரைவிங் லைசென்ஸ் சரிபார்ப்பு. கவுண்டரில் இருந்த பெரியவர் நான்கு விதிகளையும் என் வாயாலேயே சொல்ல வைத்தார்: எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினைக்க வேண்டும், அழிக்க விரும்பாத எதை நோக்கியும் முனையைத் திருப்பக் கூடாது, குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது, இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதில் நான் தடுமாறியதும் சிரிக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து கேட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாடகைக்கு, 9 மிமீ தோட்டா 50 கொண்ட ஒரு பெட்டி, காதுமூடி, கண்ணாடி, ஒரு லேன், அவ்வளவுதான்.

சத்தம்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். பக்கத்து லேனில் ஒருவர் ஏஆர் 15 ரைஃபிள் வைத்திருந்தார். அவர் ஒவ்வொரு முறை சுடும்போதும் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்தது. சூடான காலித் தோட்டா ஒன்று தெறித்து என் சட்டைக் கழுத்துக்குள் விழுந்து, துள்ளவும் முடியாமல் (கையில் துப்பாக்கி!) பல்லைக் கடித்துக்கொண்டு அதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சட்டையை உதறினேன். காற்றோட்டம் சுமார். இலக்குத் தாள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: வட்டங்கள் போட்டது ஒரு ஓரத்தில் கிடந்தது, முன்னால் அடுக்கியிருந்ததெல்லாம் மனிதனின் தலையும் மார்பும் வரைந்த தாள்கள்தான்.

இன்னொன்று. தனியாகப் போனால் வாடகைத் துப்பாக்கி தரமாட்டார்கள். சொந்தத் துப்பாக்கி கொண்டுவா, இல்லையென்றால் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வா என்பார்கள். வேறு பல ரேஞ்சுகளிலும் இந்த விதி உண்டு. ஏன் என்று கேட்டதற்கு, வாடகைக்கு வாங்கித் தன்னையே சுட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பெரியவர் நேராகவே சொன்னார். அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. செய்தியில் நாம் பார்ப்பது பள்ளியும் மாலும்தான். விதி போடுகிற அளவுக்கு இது தெரிந்தவர்கள், விற்கும்போது மட்டும் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

ஏனென்றால் சுட்டு முடித்து வெளியே வருகிற வழி விற்பனைக் கூடத்தின் ஊடாகத்தான். என் குறையே அங்கேதான். ஒரு இளைஞர் பிடித்துக்கொண்டார். "வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? ராத்திரி யாராவது கதவை உடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்? போலீஸ் வர எத்தனை நிமிஷம் ஆகும் தெரியுமா?" வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வேறு மாடல், வேறு விலை, மாதத் தவணை, வருடச் சந்தா, மனைவிக்குத் தனி வகுப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. அரை மணி நேரமாவது போயிருக்கும். பில்லில் கண்ணாடிக்கும் காதுமூடிக்கும் தனித்தனியாக வாடகை ஏறியிருந்தது, அதையும் முதலில் சொல்லவில்லை.

அந்த இளைஞர் ஏதோ புதிதாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. 2023இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம். வேட்டை, விளையாட்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். சட்டமும் அந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது. 1791இன் இரண்டாவது சட்டத் திருத்தம் தனிமனிதன் வீட்டில் தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியைக் காக்கிறது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் சொன்னது, 2022இல் புரூயன் வழக்கில் அதை வீட்டுக்கு வெளியேயும் நீட்டியது. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க லைசென்ஸே வேண்டாம். இங்கே வேறொரு பழக்கமும் ஒட்டிக்கொள்கிறது: கடை வாசலில் 30.06, 30.07 என்று எண் போட்ட பலகை இருக்கிறதா என்று கண் தானாகப் போகும். முதலாவது லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்து வராதே என்பது, இரண்டாவது வெளியே தெரியும்படி எடுத்து வராதே என்பது. பாருக்குப் போனால் சிவப்பில் 51% என்று ஒரு பலகை, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வரும் இடம், துப்பாக்கியோடு வராதே என்று அர்த்தம். குழம்புக்குப் பருப்பு வாங்கப் போகிற இடத்திலும் இந்த வாசகத்தைப் படித்துவிட்டு உள்ளே போகிறோம், சில வருடங்களில் அது கண்ணில் படுவதே நின்றுவிடுகிறது.

நம்மாட்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. கிரீன் கார்டு இருந்தால் கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான 4473 என்ற கூட்டரசுப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை தேறினால் வாங்கலாம். பல நேரம் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். எச்1பி விசாவில் இருந்தால் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கவே கூட்டரசுச் சட்டம் தடை போடுகிறது. ஆனால் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் ஒன்று கையில் இருந்தால் அது விதிவிலக்கு! வாழ்நாளில் ஒரு முயலைக்கூடத் துரத்தாத சாப்ட்வேர்காரர்கள் வேட்டை லைசென்ஸோடு திரிவதன் ரகசியம் இதுதான். ரேஞ்சிலும் சில இடங்களில் இதைக் கேட்பார்கள், முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பனைக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. க்ளாக் ஆஸ்திரியாவுடையது, 1982இல் அந்நாட்டு ராணுவம் எடுத்துக்கொண்டது. பெரெட்டா இத்தாலி. சிஸட் செக் நாடு. சிக் சாவர் இன்று நியூ ஹாம்ப்ஷையரில் இயங்கினாலும் பெயரின் முதல் பாதி ஒரு சுவிஸ் கம்பெனி. அமெரிக்கத் துப்பாக்கி மோகம் என்று தலையில் அடித்துக்கொள்ளும் ஐரோப்பாதான் அலமாரியில் பாதியை நிரப்பி வைத்திருக்கிறது.

சரி, அந்த ஐரோப்பாவுக்கு வருவோம்.

பெர்னில் என் தோழியின் கணவர் குடும்பம் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவருடைய தம்பி மகன் அங்கேயே பிறந்து, குடியுரிமை உள்ளவன், கட்டாய ராணுவப் பயிற்சி முடித்தவன். "அண்ணா, சனிக்கிழமை ஃபெல்ட்ஷீஸன், சும்மா வந்து பாருங்கோவன்" என்று கூப்பிட்டான். வருடா வருடம் கோடைத் தொடக்கத்தில் நாடு முழுக்கக் கிராமம் கிராமமாக நடக்கிற துப்பாக்கி சுடும் விழா அது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொள்கிறார்கள். கட்டணம் இல்லை, தோட்டாவும் இலவசம். பையன் ராணுவ ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர்ப் பஸ்ஸில் ஏறினான். நான்தான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிர் சீட்டுப் பாட்டி பையை நகர்த்தி இடம் விட்டார், வானிலை பற்றி ஏதோ சொன்னார், அவ்வளவுதான். இதே காட்சி டல்லாஸில் நடந்திருந்தால் எனக்குக் கை கால் ஓடியிருக்காது.

சுடுதளம் என்பது புல்வெளியைப் பார்த்த மாதிரி ஒரு நீளமான மரக் கொட்டகை. 300 மீட்டர் தள்ளி, மாடு மேயும் சரிவுக்குக் கீழே இலக்குகள். வெறும் கண்ணுக்குப் புள்ளி மாதிரிதான். பாயில் குப்புறப் படுத்து 18 குண்டு சுட வேண்டும், முதலில் ஒவ்வொன்றாக, பிறகு நேரம் வைத்து வேகமாக. அதிகபட்சம் 72 புள்ளி. பக்கத்தில் ஒரு சின்னத் திரை ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது என்று காட்டுகிறது. ஒவ்வொருவர் பின்னாலும் சங்கத்துக்காரர் ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்து மூச்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சம்பளம் கிடையாது, ஊர்த் தச்சராம். நல்ல புள்ளி வாங்கினால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பதக்கம். பிறகு எல்லோரும் பக்கத்துச் சங்கக் கூடத்தில் செர்வெலா சாசேஜ், பீர், உருளைக்கிழங்கு சாலட். பேச்செல்லாம் யார் எத்தனை புள்ளி, காற்று எந்தப் பக்கம் அடித்தது. திருடன் ஒரு தடவைகூடப் பேச்சில் வரவில்லை. நானே வாய்விட்டுக் கேட்டேன், வீட்டில் யாராவது நுழைந்தால் இந்த ரைஃபிள் உதவுமா என்று. பையன் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துவிட்டு, "அதுக்குப் போலீஸ் இருக்குத்தானே அண்ணா" என்றான். வீட்டில் அந்த ரைஃபிளின் உள்பாகம் ஒன்றைக் கழற்றித் தனியே பூட்டி வைக்க வேண்டும், ராணுவம் முன்பு சீல் வைத்துக் கொடுத்துவந்த தோட்டாப் பெட்டியும் 2007க்குப் பிறகு வீட்டுக்குக் கொடுப்பதில்லை.

பையனின் அப்பாவும் வந்திருந்தார், கொட்டகைக்கு வெளியே பெஞ்சில். நீங்கள் சுடவில்லையா என்றால், "எனக்கு ஏலாது தம்பி, நான் இன்னும் ஸ்ரீலங்கா பாஸ்போர்ட்தான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுவிஸ் ஆயுத விதிகளில் எட்டு நாட்டுக் குடிமக்களுக்குத் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் சுடவும் தடை இருக்கிறது. செர்பியா, கொசோவோ, துருக்கி, அல்பேனியா, அல்ஜீரியா வரிசையில் இலங்கையும் உண்டு. பல பத்தாண்டுகளாக அங்கே வேலை செய்து வரி கட்டும் மனிதர் பெஞ்சில், மகன் உள்ளே ராணுவ ரைஃபிளோடு. அந்த அன்பான கிராமத்துச் சங்கத்தின் மறுபக்கம் இது, இதைச் சொல்லாமல் சுவிஸைப் புகழ்வது நேர்மையாகாது. டல்லாஸில் பணமும் படிவமும் சரியாக இருந்தால் என் பூர்வீகம் யாருக்கும் பொருட்டில்லை; சுவிஸில் நீ எங்கள் ஆளா என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் துப்பாக்கி வாடிக்கையாளரின் உரிமை, சுவிட்சர்லாந்தில் ஊர்க்காரனின் கடமை, வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். "அவர்களிடமும் துப்பாக்கி இருக்கிறதே, ஒன்றும் நடக்கவில்லையே" என்று டல்லாஸ் கவுண்டரில் சொல்லும் ஆட்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கையும் ஒன்றல்ல: ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் 2017 கணக்கில் 100 பேருக்கு அமெரிக்காவில் 120 துப்பாக்கி, சுவிஸில் 28க்குள். ஒன்றும் நடக்கவில்லை என்பதும் பொய். 2001இல் சூக் மாநில சட்டமன்றத்துக்குள் ஒருவன் 14 பேரைச் சுட்டுக் கொன்றான். 2003இல் சுவிஸ் ராணுவத்தைப் பாதியாகச் சுருக்கி, பல வீடுகளிலிருந்து ரைஃபிள் போனபோது ராணுவ வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்ததாக ஆய்வு வந்தது. ஆனாலும் ராணுவ ஆயுதங்களைக் கிடங்கில் வைக்க வேண்டும் என்ற யோசனையை 2011 வாக்கெடுப்பில் மக்களே தோற்கடித்தார்கள். பிறகு 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை 63.7 சதவீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐரோப்பா என்று மொத்தமாகப் பேசுவதும் சரியில்லை. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996இல் 16 குழந்தைகளும் ஆசிரியரும் கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடமே பிரிட்டன் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. ஜெர்மனியில் எதற்கு வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும், சங்கத்தில் ஒரு வருடமாவது ஒழுங்காகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், பூட்டு சரியாக இருக்கிறதா என்று அதிகாரி சொல்லாமல் வந்து நிற்கலாம். செக் நாட்டிலோ 2021இல் ஆயுதத்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையை அடிப்படை உரிமைகளிலேயே சேர்த்துவிட்டார்கள், டெக்சஸ்காரர் அங்கே போனால் கொஞ்சம் சொந்த ஊர் வாசனை அடிக்கும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். டல்லாஸ் ரேஞ்ச்: பாதுகாப்புக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதற்கும் 5க்கு 5, பில்லுக்கு 3, விற்பனைத் தொல்லைக்கு 1. மொத்தம் 3 நட்சத்திரம். ஒரு முறை போகலாம், குழந்தைகளைக் கூட்டிப்போக நான் சொல்லமாட்டேன். ஞாயிறு மதியம் கூட்டம் தாங்காது, வார நாள் காலையில் போங்கள், பெரிய ரைஃபிள்காரர்களும் அப்போது குறைவு. கழுத்து வரை மூடிய சட்டை போடுங்கள், வெளியே வந்ததும் சாப்பிடுவதற்கு முன் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும். விற்பனைக்காரர் பிடித்தால் எச்1பி என்று சொல்லிவிடுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சுவிஸ் சுடுதளம் வியாபாரமே இல்லை என்பதால் நட்சத்திரம் கொடுப்பது அபத்தம். தெரிந்தவர் யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் செப்டம்பரில் சூரிக்கில் இருந்தால் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ராணுவ ரைஃபிளால் போட்டி போடும் க்னாபென்ஷீஸன் விழாவைப் பாருங்கள், ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் அதே மைதானத்தில். சாசேஜ் மட்டும் மூன்று மணிக்குள் தீர்ந்துவிடும், முதலில் அதை வாங்கிவிட்டு அப்புறம் வேடிக்கை பார்க்க உட்காருங்கள்.