பருத்தி போட்டவங்க கவனிங்க, லூர் கவர பாக்காம ட்ராப் கட்டாதீங்க

இந்த சீசன் நான் ஏமாந்தத சொல்லிடுறேன், நீங்களாச்சும் உஷாரா இருங்க. ட்ராப்னா அந்துப்பூச்சி பிடிக்குற பொறி, லூர்னா அதுக்குள்ள வைக்குற, ஆண் பூச்சிய வாசனையால இழுக்குற பொருள். முதல் 40 நாள் பெருசா ஒன்னும் இல்ல, அசுவினி, தத்துப்பூச்சி வழக்கம்போல வந்துச்சு, விதை நேர்த்தியும் வேப்பெண்ணெயுமே சமாளிச்சுடுச்சு. என் பயமெல்லாம் பூ எடுக்குறப்ப வர்ற இளஞ்சிவப்பு காய்ப்புழுதான், காய்ப்புழுவ எதிர்க்குற மாதிரி மரபணு மாத்துன பி.டி. (Bt) பருத்தியவே பல எடத்துல தின்னு பழகுன புழு அது. அதனால 45 நாள்லயே ஏக்கருக்கு 5 ட்ராப் கட்டுனேன், லூரும் இந்தப் புழுவுக்குன்னு வாய்விட்டு கேட்டுத்தான் வாங்குனேன்.

தினம் காலைல போய் பாப்பேன். ஒன்னு விழுந்திருக்கும், சில நாள் அதுவும் இல்ல. ட்ராப்புக்கு 8 அந்துப்பூச்சி வீதம் தொடர்ந்து 3 ராத்திரி விழுந்தாதானே மருந்து, நானும் நிம்மதியா இருந்துட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஒரு பூ விரியாம இதழெல்லாம் ஒட்டி முறுக்கிகிட்டு ரோஜா மொட்டாட்டம் நிக்குது. பிரிச்சா உள்ள புழு. பக்கத்துல 20 பச்சைக் காய் பறிச்சு உடைச்சேன், 6 காய்ல புழு, வெளில பாத்தா சொத்தைன்னே தெரியாது.

ஓடிப்போய் லூர் கவர தேடி எடுத்தேன். மேல காய்ப்புழுன்னு மொட்டையா ஒரு ஸ்டிக்கர், நகத்தால சுரண்டுனா கீழ ஹெலிலூர்னு அச்சடிச்சிருக்கு! அது அமெரிக்கன் காய்ப்புழுவோட ஆண் பூச்சிய இழுக்குறது, நமக்கு வேண்டியது காசிப்ளூர், ஒன்னோட வாசனைக்கு இன்னொன்னு வராது. விழுந்த ஒன்னு ரெண்டும் தாட்டியா இருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், இளஞ்சிவப்பு புழுவோட அந்து ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, கருப்பும் பழுப்புமா இருக்கும்.

இதுக்கு மேல என் புத்திய என்ன சொல்ல, பதட்டத்துல லூர் வித்த அதே கடைக்காரர்கிட்டயே போய் நின்னேன். பைரித்ராய்டுங்குற வகை பூச்சிமருந்து கலந்த மிக்ஸ் ஒன்னு குடுத்து வாரம் ஒருதடவ அடிங்கன்னார். காய்க்குள்ள பூந்துட்ட புழுவ மருந்து எங்க போய் தொடும், செத்ததெல்லாம் கெட்ட பூச்சிய தின்னுற பொறிவண்டுதான், அப்புறம் வெள்ளை ஈ ஏறி இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆகி கரும்பூசணம் படிஞ்சு, வெடிச்ச பஞ்சும் கறுத்துப்போச்சு.

கேக்கப் போனப்ப ஸ்டிக்கர் மாறியிருக்கும்னு சிரிக்கிறார். காலி கவர குடுங்க, வேற லூர் தரேன்னார். கவர நான் குடுக்கல, பில்லோட சேத்து பத்திரமா வச்சிருக்கேன்.